ஒரு குண்டுமணி கூடினால்

"கனமா போடு மச்சா, நேராப் போகும்."

பெங்களூரில் ஏர் ரைபிள் வைத்திருக்கும் தமிழர்கள் இரண்டு பேர் பை-டூ காபிக்கு உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்குள் ரைபிளில் போடும் பெல்லட்டைப் பற்றி, அதாவது அந்தச் சின்ன ஈயக் குண்டைப் பற்றி, இந்த வாக்கியம் மேசைக்கு வந்துவிடுகிறது. சொல்பவர் போகிற போக்கில் சொல்வதில்லை, பழம் தின்று கொட்டை போட்டவர் தொனியில் சொல்கிறார். எங்கே பிடித்தீர்கள் என்று கிளறினால், அமெரிக்காவில் யாரோ ஒருவர் தன் வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து மான் வேட்டைக்குத் தானே தோட்டா அடைத்துக்கொள்ளும் காணொளியில் போய் நிற்கும். அந்த மனிதர் சொல்வது சரி. அவரோடு எனக்கு வழக்கில்லை. அதை அப்படியே வாரிக்கொண்டு வந்து, மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்த பத்து மீட்டர் ஹாலில், ஸ்பிரிங் ரைபிளுக்குள் திணிக்கிறோமே, அதுதான் உறுத்துகிறது. இதற்கு வழக்கமாக வரும் பதிலும் உறுத்துகிறது: "பத்து மீட்டருக்கு கனமென்ன, லேசென்ன, எல்லாம் ஒண்ணுதான் போ." இரண்டு கட்சிக்காரர்களும் பெல்லட் குழலை விட்டு வெளியே வந்த பிறகு நடப்பதைப் பற்றியே பேசுகிறார்கள்.

முதலில் எடை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 4.5 மி.மீ. ரைபிளுக்குப் பலரும் வாங்கும் ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட், உருண்டைத் தலை பெல்லட், 8.44 கிரெயின். நம் கணக்கில் 0.547 கிராம். அதே கம்பெனியின் ஹெவி 10.34 கிரெயின், 0.670 கிராம். நடுவே உள்ள வித்தியாசம் 0.123 கிராம். தட்டாரின் பழைய தராசில் அது ஏறக்குறைய ஒரு குண்டுமணி. "வீட்டில் குண்டுமணித் தங்கம் கிடையாது" என்கிறோமே, அதே குண்டுமணி. கையில் வைத்தால் தெரியாது. ஆனால் பெல்லட்டின் எடையில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அமெரிக்கர் .30-06 வேட்டை ரைபிளில் 150 கிரெயினிலிருந்து 180 கிரெயினுக்குப் போகும்போது கூட்டுவதும் ஐந்தில் ஒரு பங்குதான். விகிதத்தில் இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். அதனால்தான் ஒப்பீடு பொருந்துவதுபோல் மயக்குகிறது.

அங்கே அது ஏன் செல்லும்

வேட்டை ரைபிள் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ராணுவங்கள் கனத்திலிருந்து லேசுக்கு ஓடி வந்தவை. அமெரிக்கர்கள் 1903-ல் தங்கள் .30 ரைபிளை 220 கிரெயின் மொண்ணைத் தலைப் புல்லட்டோடு தொடங்கினார்கள். மூன்றே வருடத்தில், 1906-ல், 150 கிரெயின் கூர்முனைக்கு மாறினார்கள். .30-06 என்ற பெயரில் இருக்கும் 06 அந்த வருடம்தான். பிரிட்டிஷாரும் .303-ல் 215 கிரெயினைக் கைவிட்டு 1910-ல் 174 கிரெயின் கூர்முனைக்கு வந்தார்கள். லேசான கூர்முனைப் புல்லட் வேகமாகக் கிளம்பும், பாதை தட்டையாக இருக்கும், எதிராளி இருக்கும் தூரத்தைச் சிப்பாய் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் குறி தப்பாது. கனத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் வேட்டைக்காரர்கள். அவர்களுக்குத் தோளெலும்பைத் தாண்டி உள்ளே போக வேண்டும். ஒரே விட்டத்தின் பின்னால் எவ்வளவு எடை நிற்கிறது என்பதற்கு அவர்கள் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். புல்லட்டின் எடையைப் பவுண்டில் எடுத்து, அங்குலத்தில் விட்டத்தின் வர்க்கத்தால் வகுப்பது. .308 அங்குல விட்டத்தில் 150 கிரெயினுக்கு அது 0.226, 180 கிரெயினுக்கு 0.271. எண் ஏற ஏற, மற்றதெல்லாம் சமமானால், ஆழம் கூடும். மற்றதெல்லாம் எப்போதும் சமமாக இருப்பதில்லை. முழுக்கச் செம்பிலேயே செய்த இன்றைய புல்லட்டுகள் எலும்பில் பட்டாலும் சிதறாமல் எடையைக் காப்பாற்றிக்கொள்வதால், லேசான செம்பு பழைய கனமான ஈயத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. அங்கேயே "கனமே நல்லது" என்ற பழமொழி ஆட்டம் கண்டுவிட்டது.

நான் முக்கியமாகக் கருதுவது வேறு. 150-ஐ விட்டு 180-க்குப் போகும் அந்த மனிதர் எடையை மட்டும் மாற்றுவதில்லை. கனமான புல்லட் நீளமான புல்லட். தோட்டாவின் மொத்த நீளத்துக்கு மேகசின் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. .30-06-க்கு அது 3.340 அங்குலம். ஆகவே கூடுதல் நீளம் பித்தளைக் கூட்டுக்குள் இறங்குகிறது, வெடிமருந்துக்கான இடம் சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. பழைய அளவு மருந்தையே மேலே கொட்டினால் ஆபத்து. அதனால் அவர் அந்தக் குறிப்பிட்ட புல்லட்டுக்கென அச்சிட்ட கையேட்டு அட்டவணையைத் திறக்கிறார். கனத்துக்கு ஏற்ற, கொஞ்சம் மெதுவாக எரியும் மருந்தைத் தேர்கிறார். அட்டவணையின் தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறு சிறு படியாக ஏறுகிறார். ஒவ்வொரு படியிலும் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிறதா, போல்ட்டைத் தூக்கக் கை கனக்கிறதா என்று பார்க்கிறார், ஒன்று தெரிந்தாலும் இறங்கிவிடுகிறார். குழலின் முறுக்கு, அதாவது புல்லட்டைச் சுழற்றிவிடும் உட்பள்ளங்களின் திருகல், இந்த நீளத்தைத் தாங்குமா என்றும் பார்க்கிறார். அதற்கு 1879-லிருந்து கிரீன்ஹில் சூத்திரம் இருக்கிறது: 150-ஐ விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, புல்லட்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். அந்தச் சூத்திரத்தில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீளம்தான் கேள்வி. கனத்தை மாற்றியவர் மருந்து, ஆழம், முறுக்கு, குறி எல்லாவற்றையும் அதன் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறார்.

இது நமக்கு வேடிக்கை பார்க்கும் விஷயம்தான். 1972 வனவிலங்குச் சட்டத்தின் கீழ் இன்று இங்கே வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏர் கன்னால் கொக்கை அடித்தாலும் குற்றம் குற்றம்தான். தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் கேட்கும் காரியம். நமக்கு எஞ்சியிருப்பது 4.5 மி.மீ. விட்டத்துக்குள்ளும் 20 ஜூல் ஆற்றலுக்குள்ளும் இருக்கும் ஏர் ரைபிள். அதற்கு 2016 ஆயுத விதிகளில் லைசென்ஸ் தேவையில்லை. அந்த 20 ஜூல் விஷயத்துக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

ஸ்பிரிங்கில் மருந்தை மாற்ற முடியாது

ஏர் ரைபிளில் கனத்தை மாற்றுகிறவர் என்ன செய்கிறார்? வேறு டப்பாவைத் திறக்கிறார். அவ்வளவுதான். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங், பிஸ்டன் அதே பிஸ்டன், குழலுக்குள் காற்றைச் செலுத்தும் துளை அதே துளை. தோட்டா அடைக்கிறவருக்கு இருக்கும் மருந்துக் கரண்டி நம்மிடம் இல்லை. ஆலையில் வடிவமைத்த பொறியாளர் ஏதோ ஒரு பெல்லட் எடையை மனத்தில் வைத்து அந்த ஸ்பிரிங்கையும் பிஸ்டனையும் ஜோடி சேர்த்திருக்கிறார். நாம் அந்த ஜோடிக்கு நடுவே மூன்றாவது ஆளைக் கூட்டி வருகிறோம்.

டிரிகரை அழுத்தியதும் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். பிடிப்பிலிருந்து விடுபட்ட பிஸ்டன் முன்னே பாய்கிறது. ரைபிள் அதற்கு எதிராகப் பின்னே நகர்கிறது. ஸ்பிரிங் ரைபிள் முதலில் தோளை இடிப்பது இதனால். சிலிண்டருக்குள் காற்று நசுங்குகிறது, சூடாகிறது. இந்தப் பயணத்தின் பெரும்பகுதியில் பெல்லட் குழலின் பின்வாயான பிரீச்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் ஸ்கர்ட், அந்தப் பாவாடை போன்ற பின்விளிம்பு, குழலின் பள்ளங்களைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. பிஸ்டன் கிட்டத்தட்ட எல்லைக்கு வந்து, அழுத்தம் உச்சத்தை நெருங்கும்போதுதான் பெல்லட் அசைகிறது. அந்த நேரத்தில் பிஸ்டனுக்கும் சிலிண்டரின் முன்சுவருக்கும் நடுவே இருப்பது மெல்லிய காற்று மெத்தை ஒன்று மட்டுமே. பிஸ்டன் எப்படி நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்த மெத்தைதான். மெத்தை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது பெல்லட் எப்போது கிளம்புகிறது என்பது.

பெல்லட் மிக லேசாக இருந்தாலோ, குழலில் லொடலொடவென்று உட்கார்ந்திருந்தாலோ, சீக்கிரம் கிளம்பிவிடும். மெத்தை காலியாகிவிடும். பிஸ்டன் நேரே சுவரில் போய் அறையும். காதில் உலோகச் சத்தமாகக் கேட்கும், கன்னத்தில் சுருக்கென்று தைக்கும், பிஸ்டன் சீல் நாளடைவில் நசுங்கும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது என்று எல்லாரும் சொல்வது இந்த நோயின் முற்றிய நிலைக்குத்தான்.

கனமான பெல்லட் இதற்கு நேர் எதிர். அது கிளம்பத் தாமதிக்கிறது. கிளம்பிய பிறகும் மந்தமாக நகர்கிறது. அதற்குள் மெத்தையின் அழுத்தம் தாங்காமல் பிஸ்டன் பின்னே எகிறுகிறது. பிஸ்டன் பின்னே போனால் காற்றுக்கான இடம் விரிகிறது, இடம் விரிந்தால் அழுத்தம் விழுகிறது. பெல்லட்டுக்குத் தள்ளு மிக அதிகம் தேவைப்படும் வேளையில் தள்ளுகிறவர் பின்வாங்கிவிடுகிறார். பிறகு ஸ்பிரிங் பிஸ்டனை மறுபடி முன்னே தள்ள, அது இரண்டாம் முறை வந்து இறங்குகிறது. இத்தனையும் கண் இமைப்பதற்கும் குறைவான நேரத்தில், பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போது. ரைபிள் முன்னும் பின்னுமாக இரண்டு தரம் உதறுகிறது. அந்த உதறலின் எந்தக் கட்டத்தில் பெல்லட் வாயைத் தாண்டுகிறதோ, அந்தத் திசையில் போகிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு "நேராப் போகும்" என்ற சொல்லே வேறு மாதிரிக் கேட்கிறது. வெளியே வந்த பின் கனமான பெல்லட் காற்றை நன்றாகக் கிழிக்கும், உண்மை. ஆனால் வெளியே வரும் திசையை நிர்ணயிப்பது பிஸ்டனின் ஆட்டம். பிஸ்டன் இலக்கைப் பார்ப்பதில்லை. பத்து மீட்டரில் இலக்கு இருந்தாலும் ஐம்பதில் இருந்தாலும் அது ஒரே மாதிரிதான் எகிறும். ஆகவே பத்து மீட்டருக்கு எதுவும் ஒன்றுதான் என்பவரும் தப்பு. தூரம் குறைவென்றால் கனத்தின் லாபம் தெரிய இடமில்லை, அதன் நஷ்டம் மட்டும் முழுசாகத் தெரியும்.

வேகத்தை அளந்தால் பொய் நிற்காது

பெல்லட் உங்கள் ஸ்பிரிங்குக்குக் கனமா இல்லையா என்பதை வாய்ச்சண்டையில் தீர்க்க வேண்டாம். வேகம் அளக்கும் ஒரு குரோனோகிராஃப் போதும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். ஆற்றல் கணக்கு எளிது: கிராமில் எடை, பெருக்கல் வினாடிக்கு மீட்டரில் வேகத்தின் வர்க்கம், வகுத்தல் 2000. விடை ஜூலில் வரும். 0.547 கிராம் பெல்லட் 240 மீட்டர் வேகத்தில் வந்தால் 15.75 ஜூல். இதே ரைபிளில் 0.670 கிராமைப் போட்டு வேகம் 217-க்குப் பக்கத்தில் வந்தால் ஆற்றல் குறையவில்லை, உங்கள் பிஸ்டன் கனத்தை ஏற்றுக்கொள்கிறது. 200 என்று காட்டினால் 13.4 ஜூல். ஸ்பிரிங்கைச் சுருட்ட நீங்கள் போட்ட உழைப்பு அதேதான். காணாமல் போன இரண்டேகால் ஜூலுக்கு மேல் எகிறலில் கரைந்துவிட்டது. இந்த ஒற்றை எண்ணைப் பார்த்தாலே டப்பாவை மூடி வைத்துவிடலாம். ஒவ்வொரு வகைக்கும் பத்துச் சுடுகளாவது சுட்டு, சராசரியோடு அதிகபட்சம், குறைந்தபட்ச வேகங்களையும் எழுதுங்கள். பத்துக்குள் அந்த இடைவெளி விரிந்துகொண்டே போனால் சராசரி நன்றாக இருந்தும் பயனில்லை.

வேக இடைவெளி எவ்வளவு உறுத்தும் என்பதற்குப் போட்டி ரைபிளை எடுத்துக்கொள்ளலாம். பத்து மீட்டர் போட்டியில் பெல்லட் வினாடிக்குச் சுமார் 170 மீட்டரில் போகிறது. இலக்கை அடைவதற்குள் ஏறத்தாழ 17 மி.மீ. விழுகிறது. வேகம் 2 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ விழும் அளவு 0.4 மி.மீ. மாறும். சர்வதேச இலக்கில் பத்தின் புள்ளி அரை மி.மீ.தான். தசமப் புள்ளி ஒன்றுக்கு கால் மி.மீ. ஆகக் கையில் எந்தப் பிழையும் இல்லாமல் ஒன்றரைத் தசமம் போய்விடும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் ஆடும் மட்டத்தில் ஒன்றரைத் தசமம் இறுதிச் சுற்றுக்குள் இருப்பதா வெளியே இருப்பதா என்ற கேள்வி. அங்கே ரைபிளுக்கு 0.53 கிராம் அளவில் தட்டைத் தலைப் பெல்லட், பிஸ்டலுக்கு அதைவிட லேசான 0.45 முதல் 0.49 கிராம் வரை என்பது வழக்கம். பிஸ்டலின் குழல் குட்டை, கை தனியாக நீட்டி நிற்கிறது, பெல்லட் சீக்கிரம் வெளியேறிவிட்டால் நல்லது. தட்டைத் தலை எதற்கென்றால் காகிதத்தில் பஞ்ச் போட்டதுபோல் வட்டமாக வெட்டும், எண்ண வசதி. இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் அதே தட்டைத் தலை காற்றில் தடுமாறத் தொடங்கும். போட்டி விதிகள் பெல்லட்டின் எடையைக் கட்டுப்படுத்தவில்லை. ஈயம் அல்லது அதைப் போன்ற மென்மையான பொருள், 4.5 மி.மீ.க்குள், அவ்வளவே. யாரும் கட்டுப்படுத்தாமலேயே உலகின் சிறந்த கைகள் எல்லாம் 0.53 கிராமுக்குப் பக்கத்திலேயே கூடி நிற்பதில் ஒரு செய்தி இருக்கிறது. அவர்களுடைய ரைபிள் ஸ்பிரிங் அல்ல, அழுத்தக் காற்று. கனம் அங்கே பிஸ்டனைக் கெடுக்காது. அப்படியிருந்தும் பத்து மீட்டருக்கு அவர்கள் கனத்தைத் தேடிப் போகவில்லை. பெல்லட் குழலுக்குள் தங்கும் நேரம் கூடினால் அத்தனை நேரமும் உடம்பு அசையாமல் இருந்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடைக்காரர்கள் பெட்டியில் ஒட்டும் வேகத்தையும் இந்தக் கணக்கிலேயே சோதித்துவிடலாம். வினாடிக்கு ஆயிரம் அடி என்றால் 305 மீட்டர். 0.547 கிராமோடு அந்த வேகம் வந்தால் 25 ஜூலைத் தாண்டும், லைசென்ஸ் இல்லாமல் விற்கவே முடியாது. 0.35 கிராம் அலாய் பெல்லட்டில் சுட்டு எழுதிய எண்ணாக இருந்தால் 16 ஜூல், சட்டத்துக்குள் அடங்கும். அந்த அலாய் பெல்லட்டைத்தான் உங்கள் பிஸ்டன் சீல் மன்னிக்காது.

அழுத்தக் காற்று ரைபிள்காரர்களுக்கு

பி.சி.பி. எனப்படும் அழுத்தக் காற்று ரைபிளில் எகிறப் பிஸ்டன் கிடையாது. சிலிண்டரில் அடைத்த காற்று வால்வு வழியாக வருகிறது, கனமான பெல்லட் குழலில் அதிக நேரம் தங்குவதால் காற்று அதை அதிக நேரம் தள்ளுகிறது. வேகம் குறைந்தாலும் ஆற்றல் கூடும். ஆகவே கனம் பற்றிய அமெரிக்கர் பாடம் ஓரளவு பொருந்துவது இங்கேதான். ஐம்பது மீட்டர் சுட இடமும் குறுக்கே காற்றும் இருந்தால் 0.670 கிராம் தன் சோற்றுக்கு உழைக்கும். பெங்களூரில் அப்படி ஐம்பது மீட்டர் எத்தனை பேருக்கு வாய்க்கிறது என்பது வேறு விஷயம். இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, 20 ஜூல் வரம்பை லேசான பெல்லட்டில் அளந்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 0.547-ல் 19 ஜூல் காட்டும் ரைபிள் கனமான பெல்லட்டில் வரம்பைத் தாண்டலாம். 0.670 கிராமுக்கு 20 ஜூல் என்பது வினாடிக்கு 244 மீட்டர்தான். உங்களிடம் இருப்பதிலேயே கனமானதைப் போட்டு அளக்க வேண்டும். இரண்டு, 4.5 மி.மீ. குழல்களில் பரவலாக உள்ள முறுக்கு 450 மி.மீ.க்கு ஒரு சுற்று. இடுப்பு ஒடுங்கிய பெல்லட்டுக்கு அது போதும், ஏனென்றால் இறகுப்பந்துபோல் அதன் வாலே பாதி வேலையைச் செய்கிறது. ஸ்லக் எனப்படும் நீள உருளைக் குண்டுகளுக்கு அந்தச் சலுகை இல்லை. முறுக்கை விசாரிக்காமல் ஸ்லக் வாங்குவது காசைக் கரியாக்குவது.

எடைக்கு முன்னால் தலை

டப்பாவின் மேல் 0.547 கிராம் என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 4.50, 4.51, 4.52 என்று இன்னொரு எண் இருக்கும். அது தலையின் விட்டம். எடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட் எப்போது கிளம்புகிறது என்பதுதான் கேள்வி என்றால், குழலுக்குள் அது எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பது எடைக்கு நிகரான பதில். என்னைக் கேட்டால் எடைக்கு முந்திய பதில். கட்டை விரலால் தள்ளும்போது சீரான மெல்லிய எதிர்ப்போடு போய், ஸ்கர்ட் விளிம்பு பிரீச் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். தானாக உள்ளே விழுந்தால் தலை சின்னது. நகத்தை வைத்து அழுத்த வேண்டியிருந்தால் பெரிது, அழுத்தும் போதே ஸ்கர்ட் கோணிவிடும். ஒரே எடையில் மூன்று தலை அளவுகளைச் சுட்டுப் பார்ப்பது மூன்று எடைகளைச் சுட்டுப் பார்ப்பதைவிடப் பலன் தரும்.

எடை போடும் பித்து பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நகைக்கடைப் பாணியில் விற்கும் சின்னத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். 0.53-க்கும் 0.535-க்கும் உள்ள வித்தியாசத்தை அதால் பிரிக்க முடியாது. அதை நம்பிப் பெல்லட்டுகளை ரகம் பிரிப்பது சல்லடையில் தண்ணீர் அள்ளுவது. 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும், ஃபேனை நிறுத்திவிட்டு எடை போட வேண்டும். அதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பெல்லட்டை உருட்டுங்கள். தலை ஒரு பக்கமும் ஸ்கர்ட் ஒரு பக்கமும் அகலம் வேறுபடுவதால் அது வளைந்துதான் உருளும். எல்லாம் ஒரே வளைவில் போனால் சரி. தத்தித் தத்திப் போவது ஸ்கர்ட் நசுங்கியது, எடுத்துத் தனியே போடுங்கள். கூரியரில் குலுங்கி வந்த டப்பாவில் அவை நிறைய இருக்கும். கனமான ரகங்களில் ஸ்கர்ட் தடிமனாக இருப்பதால் அடிபடுவது குறைவு என்பதைக் கனத்தின் கட்சிக்குச் சாதகமாகப் பதிவு செய்துவிடுகிறேன்.

சுட்டுப் பார்க்கும்போது பெரும்பாலும் நடக்கும் தப்பு மூன்று சுடு. புது டப்பா திறந்து மூன்று சுட்டு, மூன்றும் ஒட்டி விழுந்தால், தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மூன்று எதையும் நிரூபிக்காது. முந்திய ரகத்தின் ஈயப் பூச்சு குழலில் இருக்கும்போது புதியது தன் இயல்பைக் காட்டாது. முதல் பதினைந்து இருபதைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுத் தள்ளுங்கள். பிறகு ஐந்தைந்தாக ஐந்து கூட்டம். அதில் நன்றாக விழுந்ததைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாமல், ஐந்தின் சராசரியை எழுதுங்கள். முதல் ரகத்துக்குத் திரும்பி வந்து மறுபடி ஒரு தரம். கை களைத்ததையும் பெல்லட்டின் குணத்தையும் பிரித்துக் காட்டுவது அந்தத் திரும்பி வரும் சுற்றுதான். ரைபிளை இறுக்கிப் பிடிக்காமல், அதன் முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா படுக்க வைத்து, அது உதறும் வழியில் உதற விடுங்கள். இறுக்கிப் பிடித்தால் அளப்பது உங்கள் பிடியை. ஸ்டாக் திருகுகளையும் ஸ்கோப் மவுண்ட்டையும் முதலில் முடுக்கிவிடுங்கள். கனமான பெல்லட்டின் இரட்டை உதறல் அவற்றைத் தளர்த்தும், பிறகு பழி பெல்லட் மேலா திருகு மேலா என்று தெரியாது. கண்ணாடி அணியாமல் இவற்றில் எதையும் செய்ய வேண்டாம். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்தக் காபியைத் தொடுங்கள், விரலில் இருப்பது ஈயம்.

சென்னையிலிருந்து ரைபிளோடு இங்கே மாறி வருகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர். காற்றழுத்தம் அங்கே இருப்பதைவிடக் கிட்டத்தட்டப் பத்து சதவீதம் குறைவு. சிலிண்டருக்குள் நசுங்கக் கிடைக்கும் காற்றும் அவ்வளவு குறைவு. மெத்தை மெலிகிறது, பிஸ்டன் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் இறங்குகிறது, வெளியே வரும் வேகமும் லேசாகக் குறையலாம். சென்னையில் நன்றாகச் சுட்ட பெல்லட் இங்கே முரட்டுத்தனமாக உணரப்பட்டால் ரைபிளைக் கழற்ற வேண்டாம். அதே எடையில் தலை அளவை ஒரு படி மாற்றிப் பாருங்கள். பழைய எண்ணை நம்பாமல் இங்கே ஒரு தரம் புதிதாக வேகம் அளந்துவிடுங்கள்.

பெரும்பாலான 15, 16 ஜூல் ஸ்பிரிங் ரைபிள்களுக்கு 0.50-லிருந்து 0.55 கிராமுக்குள் ஒன்று பொருந்திவிடும். கனம் தேடி அலைய அவசியமே வராது. பொருந்திய பெல்லட் கிடைத்ததும் டப்பாவின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், தொகுதி எண் அல்லது அச்சு எண் இருக்கும். அடுத்த தொகுதியில் அதே பெயர், அதே எடை, அதே தலை அளவு எழுதியிருந்தும் அச்சு தேய்ந்திருக்கலாம். கடையில் அந்த எண் இன்னும் இருக்கும்போதே நாலைந்து டப்பா சேர்த்து வாங்கி, மூடியில் மார்க்கரால் ரைபிளின் பெயரையும் அளந்த வேகத்தையும் எழுதி வையுங்கள். மிஞ்சிய 0.670 டப்பாவை பி.சி.பி. வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடலாம். அவர்கள் மறுக்க மாட்டார்கள்.